முதல் உறை எங்கிருந்து வந்தது?

"அக்கா, ஒரு ஸ்பூன் உறைமோர் இருந்தா குடுங்களேன்."

ஃபிளாட் வாழ்க்கை வந்த பிறகும் அழிந்துபோகாத வாக்கியங்களில் இது ஒன்று. பால் காய்ச்சி ஆறிக்கொண்டிருக்கிறது. வீட்டிலிருந்த கடைசிக் கரண்டித் தயிரை ராத்திரி யாரோ சாதத்தில் வழித்துப் போட்டுக்கொண்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினால் கிடைத்துவிடும். இதற்கு யாரும் காசு வாங்குவதில்லை. திருப்பித் தரவேண்டும் என்கிற கணக்கும் கிடையாது.

ஆனால் ஒரு விஷயம் யோசித்ததுண்டா? தயிர் செய்யத் தயிர் வேண்டும். அந்தத் தயிருக்கு நேற்றைய தயிர். அதற்கு முந்தாநாள் தயிர். இப்படியே பின்னால் போய்க்கொண்டிருந்தால், உலகத்தின் முதல் தயிர் எதில் உறைந்திருக்கும்?

இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டருக்குள் நுழைவோம். அங்கேயும் ஓர் உறைமோர் இருக்கிறது. அதன் பெயர் கம்பைலர்.

கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததெல்லாம் எண்கள்தான். மனிதர்களுக்கு எண்களில் எழுத வராது. வந்தாலும் நாலு நாளில் பைத்தியம் பிடித்துவிடும். ஆகவே நாம் கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் அல்ஜீப்ரா கலந்த ஒரு பாஷையில் எழுதுகிறோம். இது ஸோர்ஸ் கோட். இதை விழுங்கி எண்களாக வெளியே தள்ளுகிற மொழிபெயர்ப்பாளர்தான் கம்பைலர். வெளியே வரும் எண் மூட்டை, பைனரி. ஸோர்ஸை மனிதன் படிக்கலாம். பைனரியை இயந்திரம்தான் படிக்கும். இந்த இரண்டு பெயர்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் வில்லங்கம் முழுதும் இவற்றுக்கு நடுவில்தான் இருக்கிறது.

கம்பைலரும் ஒரு புரோகிராம்தானே? அதையும் யாரோ ஸோர்ஸாகத்தானே எழுதினார்கள்? அதைப் பைனரியாக மாற்றியது எது? இன்னொரு கம்பைலர். அந்த இன்னொன்றை மாற்றியது? அதற்கு முந்தைய இன்னொன்று.

அதேதான். தயிருக்குத் தயிர்.

* * *

முதல் தயிரைக் கையாலேயே செய்தார்கள். வேறு வழியில்லை.

1952 வாக்கில் அமெரிக்காவில் கிரேஸ் ஹாப்பர் என்கிற பெண்மணி, யுனிவாக் கம்ப்யூட்டருக்காக ஏ-0 என்றொரு புரோகிராமை எழுதினார். ஏற்கெனவே எழுதிவைத்த சின்னச் சின்னத் துண்டுகளைத் தேவைப்படும் இடத்தில் எடுத்துக் கோக்கிற புரோகிராம் அது. இன்றைய அர்த்தத்தில் முழுக் கம்பைலர் என்று சொல்லமுடியாது. ஆனால் அந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். கம்ப்யூட்டர் கணக்குத்தான் போடும், புரோகிராமெல்லாம் எழுதாது என்று சுற்றி இருந்தவர்கள் அவரை நம்பவில்லை.

1957-ல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு ஃபோர்ட்ரான் கம்பைலரை வெளியிட்டது. கையால் எழுதுகிற புரோகிராம் அளவுக்கு இது வேகமாக ஓடுமா என்று அப்போதும் பலருக்குச் சந்தேகம். ஓடியது. அதன் பிறகுதான் கம்பைலர் என்கிற சமாசாரத்தின்மேல் உலகத்துக்கு மரியாதை வந்தது.

1962-ல் எம்.ஐ.டி.யில் டிம் ஹார்ட், மைக் லெவின் என்று இருவர் ஒரு வேடிக்கையான காரியம் செய்தார்கள். லிஸ்ப் என்கிற மொழிக்கான கம்பைலரை, அந்த லிஸ்ப் மொழியிலேயே எழுதினார்கள். ஒவ்வொரு வரியாகப் படித்து அவ்வப்போது செய்துகாட்டும் இன்டர்பிரட்டர் ஒன்று லிஸ்ப்புக்கு ஏற்கெனவே இருந்தது. அதன் முதுகில் ஏறி ஓடிய கம்பைலர், தன்னைத்தானே கம்பைல் செய்துகொண்டது. அதற்கப்புறம் வெளியாள் உதவி தேவையில்லை. தன் தயிரில் தானே உறைந்துகொள்ளும் பால் அது.

இந்த வித்தைக்கு ஆங்கிலத்தில் பூட்ஸ்ட்ராப் என்று பெயர். தன் பூட்ஸின் வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னையே தூக்கிக்கொள்வது. நடக்கிற காரியமா? கம்ப்யூட்டரில் நடந்தது.

* * *

அடுத்த காட்சியும் அதே எம்.ஐ.டி.தான். 1980 வாக்கில் அங்கிருந்த செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்திலிருந்து ஒரு லேசர் பிரிண்டர் வந்தது. இனாம்தான். ஆனால் அடிக்கடி காகிதம் சிக்கிக்கொள்ளும். பழைய பிரிண்டரில் காகிதம் சிக்கினால், பிரின்ட் கொடுத்தவருக்கு உடனே தகவல் போகிற மாதிரி அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன் என்கிற இளைஞர் புரோகிராமை மாற்றி வைத்திருந்தார். புதிதிலும் அப்படியே செய்ய நினைத்தார். முடியவில்லை. ஸோர்ஸ் தரப்படவில்லை. வெறும் பைனரி.

கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அந்த ஸோர்ஸ் இருப்பது தெரியவந்தது. நேரில் போய்க் கேட்டார். தரமுடியாது என்று பதில் வந்தது. யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று அவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

உறைமோர் கேட்டுப்போன வீட்டில், "குடுக்கக்கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்கப்பா" என்று கதவைச் சாத்தினால் எப்படி இருக்கும்? ஸ்டால்மனுக்கு அப்படித்தான் இருந்தது. அவர் அதை மறக்கவேயில்லை.

1983 செப்டம்பரில் ஓர் அறிவிப்பு விடுத்தார். யூனிக்ஸ் மாதிரியே முழுமையான ஓர் ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதப்போகிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், படிக்கலாம், மாற்றலாம், கொடுக்கலாம். பெயர் க்னூ. 1984 ஜனவரியில் எம்.ஐ.டி. வேலையை ராஜினாமா செய்தார். வேலையில் இருந்துகொண்டே எழுதினால், நாளைக்கு நிர்வாகம் வந்து இது எங்கள் சொத்து என்று சொந்தம் கொண்டாடலாம் என்பது அவர் கவலை.

சரி, எழுதலாம். எழுதுவதைக் கம்பைல் செய்ய வேண்டாமா? வீடு கட்டப் புறப்பட்டவருக்குக் கரண்டியும் மட்டமும் அடுத்தவன் பூட்டிவைத்த பெட்டிக்குள் இருந்தன.

ஆம்ஸ்டர்டாமில் வ்ரையே யுனிவர்சிட்டைட் என்று ஒரு பல்கலைக்கழகம். சுதந்திரப் பல்கலைக்கழகம் என்று அர்த்தம். அங்கே சுதந்திரப் பல்கலைக்கழகக் கம்பைலர் கிட் என்று ஒன்று இருந்தது. பெயரைக் கேட்டதும் ஸ்டால்மனுக்குச் சந்தோஷம். பயன்படுத்திக்கொள்ளலாமா என்று எழுதிக் கேட்டார். சுதந்திரம் பல்கலைக்கழகத்துக்குத்தான், கம்பைலருக்கு இல்லை என்று கிண்டலாகப் பதில் வந்ததாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அப்போதுதான் முடிவு செய்தார். கம்பைலரை நாமே எழுதிவிடுவது.

லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் எழுதப்பட்ட பாஸ்டல் என்கிற கம்பைலரின் ஸோர்ஸ் கிடைத்தது. அதை ஒட்டி வெட்டி சி மொழிக்குப் பழக்கப் பார்த்தார். கதை நடக்கவில்லை. அது ஒரு ஃபைலை முழுக்கப் படித்து மொத்தத்தையும் மண்டைக்குள் வைத்துக்கொண்டுதான் வேலையை ஆரம்பிக்கும். அதற்கு மெகாபைட் கணக்கில் ஸ்டாக் இடம் வேண்டும். அவரிடமிருந்த யூனிக்ஸ் இயந்திரம் கொடுத்ததோ அறுபத்து நான்கு கிலோபைட். தூக்கிப் போட்டுவிட்டு, முதல் வரியிலிருந்து புதிதாக ஆரம்பித்தார். இடையில் ஈமாக்ஸ் என்கிற எடிட்டரை எழுதி, அதை டேப்பில் பதிந்து 150 டாலருக்கு விற்றுச் சாப்பாட்டுக்கு வழி செய்துகொண்டார்.

1987 மார்ச் 22. ஜி.சி.சி.யின் முதல் சோதனைப் பதிப்பு வெளியானது. க்னூ சி கம்பைலர் என்பதன் சுருக்கம். (பிற்பாடு பல மொழிகள் சேர்ந்ததால் 1999-ல் க்னூ கம்பைலர் கலெக்‌ஷன் என்று மாற்றிக்கொண்டார்கள். சுருக்கம் அதேதான்.) அது தன்னைத்தானே கம்பைல் செய்துகொள்ளும் என்பதையே பெருமையாகச் சொல்லி வெளியிட்டார் ஸ்டால்மன்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஜி.சி.சி.யை முதன்முதலில் எதை வைத்துக் கம்பைல் செய்தார்? யூனிக்ஸ் இயந்திரங்களில் ஏற்கெனவே இருந்த, பூட்டுப் போட்ட கம்பைலரை வைத்துத்தான். முதல் உறை அடுத்தவர் வீட்டுடையது. இது சாதாரண விஷயமாகத் தோன்றலாம். கொஞ்சம் பொறுங்கள்.

* * *

ஜி.சி.சி. பரவிய வேகம் ஸ்டால்மனே எதிர்பார்க்காததாக இருந்திருக்கும். 1987-லேயே மைக்கேல் டீமன் என்பவர் அதில் சி++ மொழியைச் சேர்த்தார். 1989-ல் அவரும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து சிக்னஸ் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். இனாமாகக் கிடைக்கிற மென்பொருளுக்குக் காசு வாங்கிக்கொண்டு உதவி செய்கிற கம்பெனி. பிழைக்குமா என்று கேட்டவர்கள் உண்டு. பிழைத்தது. பத்து வருஷம் கழித்து ரெட் ஹாட் நிறுவனம் அதை வாங்கிப்போட்டது.

ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளை விட்டு வெளியேறித் தொடங்கிய நெக்ஸ்ட் நிறுவனம், ஜி.சி.சி.யில் ஆப்ஜெக்டிவ்-சி மொழியைச் சேர்த்தது. தான் எழுதிய பகுதியை மட்டும் பைனரியாகக் கொடுக்கப் பார்த்தது. வாங்குகிறவர்கள் ஜி.சி.சி.யோடு தாங்களே ஒட்டிக்கொள்ளட்டும் என்று யோசனை. ஸ்டால்மன் ஒப்புக்கொள்ளவில்லை. லைசென்ஸ் அதற்கு இடம் தரவில்லை. எடுத்துக்கொள், மாற்றிக்கொள், ஆனால் பிறருக்குக் கொடுக்கும்போது மாற்றியதன் ஸோர்ஸையும் கொடு. இதுதான் அவர் போட்ட நிபந்தனை. நெக்ஸ்ட் பணிந்தது. ஸோர்ஸ் வெளியே வந்தது.

1991-ல் ஹெல்சின்கியில் ஒரு கல்லூரி மாணவர் பொழுதுபோக்காக ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுத ஆரம்பித்தபோது, கம்பைல் செய்ய அவருக்குக் கிடைத்தது ஜி.சி.சி. 1.40. மாணவர் பெயர் லினஸ் டோர்வால்ட்ஸ். அவர் எழுதியது லினக்ஸ். இன்று ஆண்ட்ராய்ட் போன்களுக்கு அடியில் ஓடுவது அந்த லினக்ஸின் வம்சம்தான். கையில் காசில்லாத ஒரு மாணவனுக்குப் பக்கத்து வீட்டு உறைமோர் கிடைத்ததன் விளைவு.

* * *

ஜி.சி.சி.யை ஸோர்ஸிலிருந்து கட்டிப் பார்க்க முதல்முறை உட்காருகிற யாருக்கும் வருகிற சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு.

முதல் சந்தேகம், எதற்கு இவ்வளவு நேரம்? ஏனென்றால் அது தன்னை ஒருமுறை அல்ல, மூன்று முறை கட்டிக்கொள்கிறது. உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கிற கம்பைலரை வைத்து முதல் ஜி.சி.சி. அந்த முதல் ஜி.சி.சி.யை வைத்து, அதே ஸோர்ஸிலிருந்து இரண்டாவது. இரண்டாவதை வைத்து மூன்றாவது. பிறகு இரண்டாவதையும் மூன்றாவதையும் பைட் பைட்டாக ஒப்பிட்டுப் பார்க்கும்.

முதலாவதை ஏன் ஒப்பிடவில்லை? அது அந்நிய உறையில் உறைந்தது. வேலை ஒன்றாக இருந்தாலும் எண்கள் வேறாக இருக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே ஸோர்ஸ், ஒரே கம்பைலரின் போக்கு. அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கவேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் எங்கோ கோளாறு என்று அர்த்தம். கட்டுமானம் நின்றுவிடும்.

இரண்டாவது சந்தேகம், கம்பைலர் கட்டப் போனால் ஜி.எம்.பி., எம்.பி.எஃப்.ஆர்., எம்.பி.சி. என்று கணித லைப்ரரிகளை எதற்குக் கேட்கிறது? உங்கள் புரோகிராமில் மாறாத எண்களை வைத்துப் போடும் கணக்கு ஏதாவது இருந்தால், புரோகிராம் ஓடும்வரை காத்திராமல் கம்பைலரே முன்கூட்டிப் போட்டு வைத்துவிடும். அந்த விடை, புரோகிராம் எந்த இயந்திரத்தில் ஓடப்போகிறதோ அதற்குப் பொருந்தவேண்டும். கட்டுகிற இயந்திரத்தின் கணக்கை நம்பமுடியாது. அதனால்தான் தசமத்துக்குப் பிறகு எத்தனை இடம் வேண்டுமானாலும் துல்லியமாகப் போடும் லைப்ரரிகள்.

மூன்றாவது, கம்பைலர் மட்டும் போதாதா? போதாது. கல்யாணத்துக்குச் சமையல்காரர் மட்டும் வந்தால் பந்தி நடக்குமா? கம்பைலர் தருவதை எண்ணாக்க அசெம்பிளர், துண்டுகளைக் கோக்க லிங்கர், பொதுவான வேலைகளுக்கு லைப்ரரி என்று ஒரு கோஷ்டியே வரவேண்டும். இதற்குத்தான் டூல்செயின் என்று பெயர். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் கதை கந்தல்.

நான்காவது, புத்தம்புதுசாக ஒரு சில்லு வடிவமைக்கிறார்கள். அதில் எந்தக் கம்பைலரும் கிடையாது. முதல் புரோகிராம் எப்படி வரும்? பக்கத்து வீட்டிலிருந்துதான். இங்கே ஓடிக்கொண்டு, அந்தச் சில்லுக்கான எண்களை வெளியே தள்ளும் கம்பைலரைக் கட்டவேண்டும். கிராஸ் கம்பைலர் என்பார்கள். 2017-ல் ஜி.சி.சி. 7 வெளியானபோது ரிஸ்க்-ஃபைவ் என்கிற புதிய சில்லுக் குடும்பத்துக்கான ஆதரவு அதில் இருந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் தயிருக்குப் பஞ்சமில்லை.

ஐந்தாவது, மனசுக்குள் எல்லோருக்கும் இருக்கும் பயம். ஜி.சி.சி.யில் கம்பைல் செய்தால் என் புரோகிராமையும் ஊருக்கு இனாமாகத் தரணுமா? தரவேண்டாம். கம்பைலரின் லைசென்ஸ் கம்பைலருக்கு. உங்கள் பைனரியோடு ஒட்டிக்கொண்டு வரும் அதன் சிறு லைப்ரரித் துண்டுகளுக்குத் தனியாக விதிவிலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் எழுதியது உங்களுடையது. விற்கலாம்.

* * *

எல்லாம் சுபமாகப் போய்க்கொண்டிருந்தது என்று நினைத்தால், இல்லை. நிபந்தனை போடுகிறவர்கள் இருக்கும் வீட்டில் சண்டை வராமல் இருக்குமா?

தொண்ணூறுகளின் நடுவில் ஜி.சி.சி.யின் வளர்ச்சி மிக மெதுவாக இருந்தது. வெளியிலிருந்து வருகிற திருத்தங்கள் வாசலிலேயே காத்துக் கிடந்தன. 1997 ஆகஸ்டில் பொறுமையிழந்த ஒரு கோஷ்டி, ஸோர்ஸை எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போனது. லைசென்ஸே அதற்கு அனுமதித்தது. புது வீட்டுக்கு ஈ.ஜி.சி.எஸ். என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் முட்டை என்கிற சொல்லைப் பன்மையில் சொல்வதுபோல உச்சரிக்கவேண்டும். திருத்தங்கள் வேகமாக உள்ளே வந்தன. ஆட்கள் சேர்ந்தார்கள். இரண்டு வருஷத்துக்குள் பெரிய வீட்டைவிடத் தனிக்குடித்தனம் செழிப்பாகிவிட்டது.

1999 ஏப்ரலில் ஸ்டால்மனின் அமைப்பு யதார்த்தத்தை ஏற்றுக்கொண்டது. போனவர்களையே கூப்பிட்டு, ஜி.சி.சி. இனிமேல் உங்கள் பொறுப்பு என்று ஒப்படைத்தது. அந்த ஜூலையில் வெளியான பதிப்பு 2.95. இந்த எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும். முட்டை ஓட்டை உடைத்துக்கொண்டு க்னூ மாடு வெளியே வருகிற படத்தைத்தான் ஜி.சி.சி. தன் சின்னமாக வைத்திருக்கிறது.

அடுத்த சம்பவம் இப்படிச் சுபமாக முடியவில்லை.

2000-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னர் என்கிற மாணவர் ஒரு புதிய கம்பைலர் வேலையை ஆரம்பித்தார். வழிகாட்டிய பேராசிரியர் விக்ரம் அத்வே, பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்தவர். எல்.எல்.வி.எம். என்று பெயர். ஜி.சி.சி. ஒரே பாறையில் குடைந்த கோயில் மாதிரி. உள்ளே ஒரு தூணை மட்டும் எடுத்து வேறிடத்தில் வைக்கமுடியாது. அது ஓரளவு தெரிந்தே செய்ததும்கூட. பாதிப் பாதியாகப் பிரித்தால், பூட்டுப்போட்ட புரோகிராம்கள் நடுவில் வந்து ஒட்டிக்கொள்ளும் என்று ஸ்டால்மன் பயந்தார். எல்.எல்.வி.எம். நேர் எதிர். எல்லாமே கழற்றி மாட்டக்கூடிய துண்டுகள்.

2005 நவம்பரில் லாட்னர், எல்.எல்.வி.எம்.மை ஜி.சி.சி.யோடு இணைக்கலாம், உரிமையையும் எழுதித் தரத் தயார் என்று ஜி.சி.சி. குழுவுக்கு மின்னஞ்சலில் எழுதினார். பெண்ணைக் கொடுத்துச் சீரும் கொடுக்கிறேன் என்கிற மாதிரி. சம்பந்தம் கைகூடவில்லை. அதே வருஷம் ஆப்பிள் நிறுவனம் லாட்னரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. 2007-ல் கிளாங் என்கிற சி கம்பைலர் அதன்மேல் வெளியானது. ஆப்பிள் படிப்படியாக ஜி.சி.சி.யைக் கைவிட்டது. 2014-ல் ஃப்ரீ பி.எஸ்.டி.யும் கிளாங்குக்கு மாறியது. ஸ்விஃப்ட், ரஸ்ட் மாதிரியான புதிய மொழிகளெல்லாம் எல்.எல்.வி.எம். முதுகில்தான் ஏறின. அதன் லைசென்ஸில் ஸ்டால்மனின் நிபந்தனை கிடையாது. எடுத்து மாற்றி, மாற்றியதைப் பூட்டியும் வைத்துக்கொள்ளலாம்.

பத்து வருஷம் கழித்து, 2015-ல், இந்தப் பழைய கடிதத்தை யாரோ ஸ்டால்மனுக்கு எடுத்துக் காட்டினார்கள். மனிதர் அதிர்ந்துபோனார். இப்படி ஒரு பேச்சு வந்ததே தனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன் என்றார். கண்ணில் படாமல் போன ஒரு கடிதம்.

* * *

இப்போது பொறுத்துக்கொள்ளச் சொன்ன இடத்துக்கு வருவோம். முதல் உறை அடுத்தவர் வீட்டுடையதாக இருந்தால் என்ன மோசம்?

டென்னிஸ் ரிட்ச்சியோடு சேர்ந்து யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சனுக்கு 1983-ம் வருஷத்து டூரிங் பரிசு கிடைத்தது. கம்ப்யூட்டர் உலகின் நோபல் என்பார்கள். 1984-ல் அச்சான அவருடைய ஏற்புரை மொத்தம் மூன்று பக்கம்தான். படித்தவர்களுக்குத் தூக்கம் போனது.

விஷயம் இதுதான். கம்பைலரில் ரகசியமாக ஒரு வேலை செய்கிறேன். பாஸ்வேர்ட் கேட்கும் லாகின் புரோகிராமைக் கம்பைல் செய்யும்போது மட்டும், எனக்குத் தெரிந்த ஒரு கள்ளச் சாவியையும் அதில் சேர்த்துவிடும். ஆனால் கம்பைலரின் ஸோர்ஸைப் படிக்கிற எவனும் கண்டுபிடித்துவிடுவானே? ஆகவே இரண்டாவது வேலை. கம்பைலர் தன்னுடைய ஸோர்ஸையே கம்பைல் செய்ய நேர்ந்தால், இந்த இரண்டு கள்ளத்தனத்தையும் புதிய பைனரியில் தானாகச் சேர்த்துவிடும். அதைக் கம்பைல் செய்து பைனரியாக்கிக்கொண்ட பிறகு, ஸோர்ஸிலிருந்து எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன்.

இப்போது ஸோர்ஸ் பரிசுத்தம். வரிவரியாகப் படியுங்கள், ஒன்றும் இருக்காது. அதைக் கம்பைல் செய்து புதிய கம்பைலர் எடுங்கள். திருட்டுச் சாவி உள்ளே இருக்கும்.

பால் சுத்தமான பசும்பால். உறை மட்டும் கெட்டது. நாளைய தயிரும் கெடும். நாளை மறுநாள் தயிரும் கெடும். பாலை எத்தனை முறை பரிசோதித்தாலும் குற்றம் தெரியாது.

ஸ்டால்மன் பூட்டை உடைத்து ஸோர்ஸை எல்லோர் கையிலும் கொடுத்தார். ஸோர்ஸ் கையில் இருந்தாலே போதுமா என்று தாம்சன் கேட்டுவிட்டார். மூன்று முறை கட்டி ஒப்பிடும் ஜி.சி.சி.யின் சோதனையும் இங்கே உதவாது. முதல் உறை கெட்டிருந்தால் இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே மாதிரி கெட்டிருக்கும். ஒப்பிட்டால் ஒத்துப்போகும்.

ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்கவேண்டாம். 2009 ஆகஸ்டில் இண்டக் என்றொரு வைரஸ் அகப்பட்டது. டெல்ஃபி என்கிற புரோகிராமிங் கருவி இருக்கும் கம்ப்யூட்டர்களைத் தேடிப்போய், அதன் லைப்ரரி ஃபைல் ஒன்றை மாற்றிவிடும். அதற்குப் பிறகு அங்கே எழுதப்படும் ஒவ்வொரு புரோகிராமிலும் வைரஸ் இருக்கும். எழுதியவருக்கே தெரியாது. 2015 செப்டம்பரில் இன்னொன்று. ஆப்பிளின் எக்ஸ்கோட் கருவியை அதன் சர்வரிலிருந்து இறக்கச் சீனாவில் ரொம்ப நேரமானது. அவசரக்காரர்கள் உள்ளூரில் பகிரப்பட்ட நகலை இறக்கிக்கொண்டார்கள். அதில் கை வைத்திருந்தார்கள். கோடிக்கணக்கானவர்கள் பயன்படுத்தும் வீசாட் செயலிகூடத் தப்பவில்லை.

தாம்சனுக்குப் பதில் சொல்ல இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. டேவிட் வீலர் என்பவர் 2005-ல் ஒரு வழி சொன்னார். 2009-ல் அதையே டாக்டர் பட்ட ஆய்வாக விரித்து எழுதினார். உங்கள் கம்பைலர்மேல் சந்தேகமா? முற்றிலும் வேறு ஆட்கள் எழுதிய இன்னொரு கம்பைலரை எடுங்கள். சந்தேகத்துக்குரியதன் ஸோர்ஸை அதில் கம்பைல் செய்யுங்கள். வருவதை வைத்து அதே ஸோர்ஸை இன்னொரு முறை. கிடைக்கும் பைனரி, உங்களிடம் ஏற்கெனவே இருப்பதோடு பைட்டுக்கு பைட் ஒத்துப்போனால், அதில் இருப்பதெல்லாம் ஸோர்ஸில் இருப்பதுதான். இரண்டு வீட்டு உறையும் ஒரே விதமாகக் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. ஜி.சி.சி.க்கு வெளியே இன்னொரு கம்பைலர் இருப்பது போட்டி மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட என்பது அப்போதுதான் உறைத்தது.

சிலருக்கு அதுவும் போதவில்லை. இன்னொருவர் உறையே வேண்டாம், முதலிலிருந்து ஆரம்பிப்போம் என்று கிளம்பினார்கள். 2023-ல் கீக்ஸ் என்கிற க்னூ திட்டம் அதைச் செய்துகாட்டியது. ஆரம்பப் புள்ளி ஒரு சின்னஞ்சிறு பைனரி. 357 பைட். இந்த வாக்கியங்களைக் கம்ப்யூட்டரில் சேமித்தாலே, ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் ஆகும். ஆக, 357 பைட்டில் இந்தப் பத்தியில் பாதிகூட அடங்காது. ஒரு மனிதர் உட்கார்ந்து, எண்ணுக்கு எண் சரிபார்த்துவிடலாம்.

அந்தத் துளியைக் கொண்டு அதைவிடக் கொஞ்சம் பெரிய ஒன்று. அதைக் கொண்டு ஒரு அசெம்பிளர். பிறகு மெஸ் என்கிற குட்டிக் கம்பைலர். அதிலிருந்து டைனி சி கம்பைலர். அதிலிருந்து ஒரு பழைய ஜி.சி.சி. எந்தப் பதிப்பு தெரியுமா? 2.95. பிரிந்தவர்கள் சேர்ந்தபோது பொரித்த அதே குஞ்சு. அதிலிருந்து அடுத்தடுத்த ஜி.சி.சி.க்கள், அவற்றிலிருந்து இன்றைய மொத்த சிஸ்டமும். ஒவ்வொரு படியும் ஸோர்ஸிலிருந்து.

வீட்டில் உறைமோர் இல்லாமல், அக்கம்பக்கத்திலும் கிடைக்காதபோது பாட்டிமார்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? வெதுவெதுப்பான பாலில் நாலு மிளகாயைக் காம்போடு போட்டு மூடி வைத்துவிடுவார்கள். காலையில் உறைந்திருக்கும். முதல் தயிர் கொஞ்சம் சுமார்தான். அதை உறையாக வைத்து அடுத்தது, அதை வைத்து அடுத்தது. மூன்றாம் நாள் தயிர் கெட்டியாக இருக்கும்.

அந்த 357 பைட்தான் மிளகாய்க் காம்பு.

எல்லாம் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. அந்தத் துளியை ஓட்டவும் அடியில் ஒரு லினக்ஸ் இருக்கவேண்டும். கட்டுமானத்தை நடத்திச்செல்ல, ஏற்கெனவே கம்பைல் செய்யப்பட்ட இன்னொரு புரோகிராமும் தேவைப்படுகிறது. அதற்கும் கீழே, யாரோ செய்த சில்லு. இதைச் செய்தவர்களே மறைக்காமல் சொல்லிவிட்டார்கள். உறை நம்முடையது. பாத்திரமும் அடுப்பும் இன்னும் அடுத்தவருடையவை.